நான் கொடுக்காத சிறுநீரகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க நான் மறுக்கவில்லை. இப்படி ஆரம்பித்தாலே கேட்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்காமலே சொல்கிறாளே, ஏதோ இருக்கிறது என்று தோன்றும். சில மாதங்களாக நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. எழுதினால் நடுவில் யாரும் காபி கொடுத்துப் பேச்சை மாற்ற முடியாது, அதனால் எழுதுகிறேன். என் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் படிக்கிற பழக்கமில்லை என்பதும் ஒரு தைரியம்.

என் பெயர் சாந்தாமணி. பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். மலையாளத்தில் பாடம் சொல்லி, ஆங்கிலத்தில் கேள்வித்தாள் எழுதி, தமிழில் கவலைப்படுகிற ஆள். பிறந்த வீடு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உண்டு. அப்பா அம்மா போய்விட்டார்கள். கூடப் பிறந்தவன் ஒருவன்தான், மயில்சாமி. தோப்பையும் வயலையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவன் மனைவி பூங்கொடி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். எனக்குக் கணவர் நடராஜன், மின்வாரிய அலுவலகத்தில் வேலை.

மயிலுக்கு முதலில் வந்தது செருப்புப் பிரச்சினை. புதுச் செருப்பு கடிக்கிறது என்றான். பழையதைப் போட்டான், அதுவும் கடித்தது. வீங்கியிருந்தது கால் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பிறகு விக்கல் வந்தது, சோறு கசந்தது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினான். டிராக்டர் ஓட்டி ஓட்டி வந்த முதுகுவலிக்கு வருஷக்கணக்காக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தின்று வந்தவன். வலி போனதென்று சந்தோஷப்பட்டான். சிறுநீரகமும் சத்தமில்லாமல் கூடவே போய்க்கொண்டிருந்தது.

பாலக்காட்டில் இரத்தம் பார்த்தார்கள். கிரியாட்டினின் என்ற சொல் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நாம் கையைக் காலை அசைத்து வேலை செய்யும்போது தசையில் சேர்கிற ஒரு கழிவு அது. சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ள வேண்டும். இரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போனால் வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்து, ரண்டு கிட்னியும் போயி, டீச்சரே, என்றார். பிறகு, தம்பியோடு டீச்சர் தன்னெ பறஞ்ஞா மதி, நீங்களே சொன்னால் போதும் என்று, அந்தச் சுமையையும் என் தலையில் வைத்தார். படித்தவள் என்றால் கெட்ட செய்தி சொல்லத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

நான் சொன்னேன். அவன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான்.

"அப்ப செருப்பு நல்ல செருப்புதானுங்க்கா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு டயாலிசிஸ். கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஒரு பெரிய இரத்தக்குழாய் உண்டாக்குகிறார்கள், ஃபிஸ்டுலா என்று பெயர். தொட்டுப் பார்த்தால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி அதிரும். அதில் இரண்டு ஊசி குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திருப்பி உள்ளே விடுவார்கள். ஒன்று விட்டு ஒரு நாள் போக வேண்டும், அரை நாள் அதிலேயே போய்விடும். பில் என்று ஒன்று வரும், அதை நடராஜன் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்வார், எங்கள் கண்ணில் காட்ட மாட்டார்.

இந்த நோயின் கொடுமை தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் ஒரு சின்ன டம்ளரில் அளந்து கொடுக்க வேண்டும். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சியே வளர்ந்தவன், டம்ளரை வைத்துக்கொண்டு நாக்கை நனைத்தான். இளநீர் கூடவே கூடாது. அதில் பொட்டாசியம் என்ற உப்பு நிறைய இருக்கிறதாம், இரத்தத்தில் கூடினால் இதயத்தையே நிறுத்திவிடுமாம். தோப்பு முழுக்கக் காய் தொங்குகிறது, தோப்புக்காரன் குடிக்கக் கூடாது. சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் ஆரஞ்சும் மாதுளையுமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதுவும் அவனுக்கு ஆகாது. பூங்கொடி ஒவ்வொரு காயையும் நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துச் சக்கையாக்கிக் கொடுத்தாள். அதை அவள் முதலில் தான் தின்று பார்த்துவிட்டு, இன்னைக்கு நல்லாத்தானுங்க இருக்குது, என்று சொல்லிப் பரிமாறுவாள். நல்லாயிருக்காது. அவனும் நல்லாயிருக்கிறது என்பான்.

மாற்றுச் சிறுநீரகம் வைப்பதுதான் வழி என்று கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொந்தத்தில் யாராவது கொடுத்தால் நல்லது, இறந்தவர்களிடமிருந்து வருவதற்குக் காத்திருந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பூங்கொடியின் இரத்த வகை சேரவில்லை, அவளுக்குச் சர்க்கரையும் உண்டு. பிள்ளைகள் சிறுசுகள். மீதி யார்?

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் ஏதாவது வேண்டுமென்றால் அவரைப் பார்த்துக் கேட்க மாட்டார்கள். அவரைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அன்றைக்கு மயில் வீட்டுக் கூடத்தில் பூங்கொடி காலண்டரைப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். மயில் தன் விரல் நகத்தைப் பார்த்தான். அந்தக் கூடத்தில் யாரும் பார்க்காத ஒரே பொருள் நான்தான்.

"நானிருக்கேனில்ல," என்றேன்.

உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூங்கொடி அழுதாள். நடராஜன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். காரில் திரும்பும்போது, உன்ற இஷ்டம் சாந்தா, என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆபரேசனுக்குப் பொறவு நீ மாடிப்படி ஏறலாமா? இல்லாட்டி கீழ ரூமுக்குக் கட்டல மாத்திப் போடறேன்," என்றார். அவருடைய அக்கா போனில் கூப்பிட்டு, கட்டிக் குடுத்த ஊட்டுல ஒரு வார்த்தை கேக்கோணுமில்ல என்று சத்தம் போட்டபோது, கேட்டாச்சுங்க என்று பொய் சொல்லி வைத்தார். அவரை நான் கேட்கவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. நானிருக்கேனில்ல என்று சொன்னது யார்?

என் பாடமே இதுதான். பழைய கிரேக்க, ரோம் நாடுகளில் ஸ்டோயிக் என்றொரு கூட்டத்தார் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உடம்பு, சொத்து, நல்ல பெயர் இவையெல்லாம் நம் கையில் இல்லை. எதை வேண்டும் என்று நினைக்கிறோம், எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. உடல்நலமும் நற்பெயரும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், போனால் போகட்டும், நல்ல மனிதனாக இருக்க அவை தேவையில்லை. சரி, எதைத் தேர்ந்தெடுப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் வழி சொன்னார்கள். உனக்கு என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார். மகன், தாய், அண்ணன், ஊர்க்காரன். அந்தப் பெயருக்கு என்ன கடமை என்று பார். அதை அறிவோடு செய்.

ஒரு வருஷம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். மிஸ், மகள்னா இதைச் செய்யணும், அக்கான்னா அதைச் செய்யணும்னு முடிவு பண்றது ஊர்தானே? ஊர் எழுதிக் கொடுத்ததை நான் தேர்ந்தெடுத்தால் அது என் தேர்வா, ஊர் தேர்வா? நான் பாடப்புத்தகத்தில் இருந்த பதிலைச் சொன்னேன். ஊர் தொடங்கிவைக்கும், அறிவு அதைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் அல்லது தள்ளும், ஏற்றுக்கொண்ட பிறகு அது உன்னுடையது என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். பரீட்சையில் அதையே திருப்பி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

கோயமுத்தூரில் பரிசோதனைகள் தொடங்கின. என் இரத்தத்தையும் அவன் இரத்தத்தையும் கலந்து சண்டை போடுகிறதா என்று பார்த்தார்கள், போடவில்லை. ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை ஒரு கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அதைப் பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு வாளையாறு வழியாக நான் போனதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கொள்கைகளைக் கற்பிக்கிற மேடம். மயில் பின்சீட்டில் இருந்து, "பாத்துங்க்கா, மேடு பள்ளம் வருது," என்று வழி முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

காத்திருக்கும் கூடத்தில் உடுமலைப் பக்கத்து அம்மா ஒருவர் பூங்கொடிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரருக்காக ரொம்ப நாளாக அங்கே நடையாய் நடக்கிறவர். ஆஸ்பத்திரியில் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

"நாளைக்குக் கவுன்சிலிங் ரூமுக்குத் தனியாக் கூப்புடுவாங்க," என்றார் என்னிடம். "கதவச் சாத்திட்டுக் கேப்பாங்க. குடுக்கறதுக்கு மனசில்லீங்கன்னு நீங்க சொன்னாப் போதும். டாக்டரே ஏதாச்சும் ஒரு கோளாறு இருக்குதுன்னு ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லி அனுப்பிருவாரு. ஒருத்தருக்கும் தெரியாது. எங்க கொழுந்தனாரு அப்படித்தான் தப்பிச்சாரு."

"தெரியாதுங்கறீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருச்சே," என்றேன்.

"அதெல்லாம் மொகத்தப் பாத்தாத் தெரியாதுங்களா?" என்று சிரித்தார். பூங்கொடியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அந்த அறை. அந்த அம்மா சொன்னபடியேதான். என் மாணவிகள் வயதில் ஒரு பெண், கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடம், தம்பிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அவங்க ஒய்ஃபுக்கு என்ன வேணும்னும் தெரியும். அதெல்லாம் வெளியில வச்சுட்டு, உங்களுக்கு மட்டும் என்ன வேணும்னு சொல்லுங்க. வேண்டாம்னா பிரச்சினையே இல்ல. மெடிக்கலா முடியாதுன்னு நாங்க சொல்லிடுவோம்."

நான் வாழ்க்கை முழுக்கப் பாடம் நடத்திய இடத்துக்கு யாரோ என்னைக் கையைப் பிடித்து அழைத்துவந்து விட்ட மாதிரி இருந்தது. ஊர் இல்லை, உறவு இல்லை, கதவு சாத்தியிருக்கிறது. இப்போது உனக்கு என்ன வேண்டும்?

நான் உள்ளே தேடினேன். உண்மையாகவே தேடினேன். மயில் கல்யாணத்தில் எங்கள் வழக்கப்படி எனக்கு இணைச்சீர் நடந்தது. மாப்பிள்ளைக்கும் அவன் அக்காவுக்கும் நடக்கிற சீர் அது. கூறைப் புடவையின் ஒரு நுனியை அவன் கையிடுக்கில் வைத்து, மறு நுனியை என்னிடம் கொடுத்தார்கள். மனைவி வந்த பிறகும் கூடப் பிறந்தவளை விட்டுவிடக் கூடாது என்பதற்கு. அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, புடவை விலையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த அறையில் அந்தப் புடவையை விட்டுவிட்டு யோசி என்கிறார்கள். விட்டுப் பார்த்தேன். அக்காவை எடுத்தேன், மனைவியை எடுத்தேன், டீச்சரை எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்த பிறகு மிச்சம் இருந்தது பயம் மட்டும்தான். கத்திக்குப் பயம், மயக்க மருந்துக்குப் பயம். அது மட்டும்தான் நான் என்றால் அதைக் கேட்டு முடிவெடுக்க எனக்குப் பிடிக்கவில்லை.

"விருப்பம்தான்," என்றேன்.

"எதுக்காகன்னு சொல்ல முடியுமா மேடம்?"

"என்ற தம்பி."

"அது உறவு மேடம். காரணம் கேக்கிறேன்."

"எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதானம்மா," என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் கடைசி ஸ்கேன்களில் ஒன்று. ஊசியில் ஒரு மருந்தை ஏற்றி, கேமராவுக்குக் கீழே அசையாமல் படுக்கவைத்து, இரண்டு சிறுநீரகங்களும் வேலையை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பார்க்கிறார்கள். முதலில் எங்கள் ஊர்ப் பக்கம் எடுத்த சாதாரண ஸ்கேனில் இரண்டும் இருந்தன, அளவும் பரவாயில்லை என்று எழுதியிருந்தார்கள். இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, வேலை செய்கிறதா என்று பார்ப்பது வேறு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். வலது பக்கம் நன்றாக ஒளிர்ந்தது. இடது பக்கம் புகை மாதிரி ஏதோ தெரிந்தது.

"பிறவியிலேயே இப்படி இருந்திருக்கலாம். உங்களுக்கு வேலை செய்யறது கிட்டத்தட்ட ஒண்ணுதான் மேடம். அதை எடுத்தா நாளைக்கு நீங்க டயாலிசிஸுக்கு வரணும். இடதை எடுத்து அவருக்கு வச்சாப் பிரயோஜனமில்ல. இனி நீங்களும் பிரஷர், யூரின் எல்லாம் தவறாமப் பாக்கணும். உங்களையும் நாங்க பேஷண்டாத்தான் கணக்குல வச்சுக்கணும்."

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். அவர் எடுக்க முடியாது என்று சொன்ன அந்த நொடியில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. என் தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. பெரிய மூச்சு ஒன்று வந்தது. அப்பாடா என்ற சொல் வாய் வரைக்கும் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் மயிலின் முகம் நினைவுக்கு வந்தது. நான் கொடுக்கத்தான் நினைத்தேன், அதில் பொய் இல்லை. முடியாது என்றதும் நிம்மதியானேன், அதிலும் பொய் இல்லை. இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம் என்று என் பாடத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

வெளியே நடைபாதையில் மயிலும் பூங்கொடியும் காத்திருந்தார்கள்.

"டாக்டர் வேண்டாங்கறார்," என்றேன். "என்ற ஒரு கிட்னி வேலையே செய்யறதில்லையாம்."

பூங்கொடி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அந்த முகத்தில் என் நிம்மதி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ. பிறகு அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, மிகவும் அன்பாக என் கையைப் பிடித்தாள்.

"அதனாலென்னங்க அண்ணி. உடுங்க. வாங்க, காபி குடிக்கலாம்."

அந்த அதனாலென்ன என்னைக் கொன்றுவிட்டது. அதை விளக்க எங்கள் ஊர் மரியாதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வந்தவர்களிடம் யாரும் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஜாதகம் சரியா வரலீங்க என்பார்கள். கேட்டவர்களும் எந்த ஜோசியர், என்ன கட்டம் என்று கேட்க மாட்டார்கள். அதனாலென்னங்க, உடுங்க என்பார்கள். காபி குடிப்பார்கள். அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, வழியில் பார்த்தால் சிரிப்பார்கள். மயிலுக்குப் பெண் பார்த்த காலத்தில் பொள்ளாச்சிப் பக்கத்து வீடு ஒன்றுக்கு நானே இப்படிப் போன் செய்திருக்கிறேன். ஜாதகத்தை நாங்கள் பார்க்கவேயில்லை. அவர்களுக்கும் அது தெரியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இது எங்கள் நாகரிகம். இல்லை என்ற சொல்லைச் சொல்லாமலே இல்லை என்று புரியவைக்கவும், புரிந்துகொண்டு புரியாத மாதிரி இருக்கவும் சின்ன வயதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே முந்தின நாள் கதவு சாத்திய அறை, மறுநாள் டாக்டர் வேண்டாங்கறார் என்ற பதில். இதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பூங்கொடிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பேன். அப்படித்தான் காபியும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

நான் சும்மா விட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு தாளில் இரண்டு சிறுநீரகம் வரைந்து, ஒன்றைப் பென்சிலால் கறுப்பாக்கி பூங்கொடிக்கு விளக்கினேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நீங்க டீச்சருங்க அண்ணி, உங்களுக்குத் தெரியாததா, என்றாள். டாக்டரிடம் போய் நின்று, என் வீட்டாருக்கு நீங்களே ஒரு முறை விளக்குங்கள் என்று கெஞ்சினேன். அவர் நல்லவர், கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. டாக்டரே சொல்லுவார் என்றுதானே அந்த உடுமலை அம்மா சொன்னார்? அவர் எவ்வளவு நன்றாக விளக்கினாரோ, அவ்வளவு நன்றாக என்னைக் காப்பாற்றுகிறார் என்று ஆயிற்று. பூங்கொடி அவரை நன்றியோடு கும்பிட்டாள். எனக்கு முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நடராஜன் என்னை நம்புகிறார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள், அவரால் மறைக்க முடியவில்லை. அதுவும் என் கணக்கில் எழுதப்பட்டது. இப்போது நான் பிரஷர் மாத்திரை போடுகிறேன், அதைப் பூங்கொடி முன்னால் போட வெட்கமாக இருக்கிறது, நடிக்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்று. அவள் அப்போது மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். அவ்வளவு நல்லவள். ஒரு தடவை கூட ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு நிரூபித்திருப்பேன். அன்போடு சண்டை போட யாருக்குத் தெரியும்?

என் ஸ்டோயிக்குகளிடம் திரும்பத் திரும்பப் போனேன். குறி பார்த்து எய்வதுதான் உன் வேலை, அம்பு போய்த் தைப்பது உன் கையில் இல்லை என்கிறார்கள். சரி. நல்ல பெயர் உன்னுடையது அல்ல, மற்றவர்கள் தலைக்குள் இருப்பது, அதைப் பிடித்துத் தொங்காதே என்கிறார்கள். அதுவும் சரி. ஆனால் அக்கா என்ற பெயரே மற்றவர்கள் கொடுத்ததுதானே? அந்தப் பெயரின் கடமையை என்னுடையதாக எடுத்துக்கொள், அந்தப் பெயரைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதை மட்டும் விட்டுவிடு என்றால் எங்கே வெட்டுவது? நான் கொடுக்க மட்டும் ஆசைப்படவில்லை. கொடுத்த அக்காவாக இருக்கவும் ஆசைப்பட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பகல் முழுக்க இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஒரு டீத்தூள் பொட்டலம் வாங்கக் கடைக்குப் போனால், கடைக்காரர் என்னைப் பார்த்து, தம்பி எப்படிங்க இருக்கறாரு, என்று மெதுவாகக் கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. அவர் சாதாரணமாகத்தான் கேட்கிறார்.

மயில் மட்டும் இதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. அவன் பெயரை இறந்தவர்கள் தானத்துக்கான வரிசையில் பதிந்திருக்கிறோம். ஒன்று விட்டு ஒரு நாள் பாலக்காட்டில் டயாலிசிஸ். கல்லூரி இல்லாத நாட்களில் நான் கூடப் போவேன். அவன் மெலிந்துவிட்டான், நிறம் கறுத்துவிட்டது. எல்லாவற்றையும் அவனுக்கு யாராவது செய்ய வேண்டியிருக்கிறது. காரில் ஏற்ற ஒருவர், செருப்பு மாட்ட ஒருவர். தேங்காய் போடுகிற ஆட்களை மேய்க்கப் பூங்கொடி போகிறாள். ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் முன்னால் நின்று பந்தல் போட்டவன், இப்போது வருகிறவர்களிடமெல்லாம் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறான். ஆரஞ்சு வாங்கிக்கொள்கிறான், இரத்தம் வாங்கிக்கொள்கிறான், தைரியம் வாங்கிக்கொள்கிறான். திருப்பிக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பூங்கொடி எங்களுக்கு டீ வாங்க வெளியே போயிருந்தாள். மயில் கண்ணை மூடியிருந்தான், தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"அக்கா."

"என்ன மயிலு?"

"அந்த ரூமுக்குள்ள என்னையக் கூப்புட்டுக் கேட்டிருந்தாங்கன்னா, நானும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேனுங்க்கா." அவன் கண்ணைத் திறக்கவில்லை. "நெசமாத்தான் சொல்றேன். ஊசியப் பாத்தாலே எனக்கு ஆகாது. நீங்க எச்சா, எங்களையெல்லாம் உட நெறையாப் படிச்சவங்க, உங்களுக்கு எம்புட்டு யோசனை வரும். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க அதையே நெனச்சு வெசனப்படறீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. இல்லடா, நான் சரியென்றுதான் சொன்னேன், நான் மறுக்கவில்லை, ஸ்கேனில் என் இடது கிட்னி புகை மாதிரி தெரிந்தது. எத்தனையோ தடவை சொன்னதுதான், இன்னும் ஒரு தடவை. அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். சில மாதங்களாக நான் அங்கே பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது. வாங்கிக்கொள்கிறவன் முகம் இல்லை அது. பந்தல் போடுகிற மயில்சாமியின் முகம். அவன் எனக்கு ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாள் யோசித்து, பூங்கொடி போகட்டும் என்று காத்திருந்து, தன்னிடம் மிச்சமிருக்கிற ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறான். நான் அதைத் தட்டிவிட்டால் அவன் கையில் பிறகு எதுவும் இருக்காது.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அவன்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியவில்லை.

"ஆமா மயிலு," என்றேன். "பயந்துட்டேன்."

அவன் கண்ணைத் திறந்தான். ஊசி இல்லாத கையை நீட்டி என் கைமேல் வைத்தான்.

"எனக்குத் தெரியுமுங்க்கா. நீங்களே சொல்லோணும்னுதான் இருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இனி இதப் பத்திப் பேச்சே வேண்டாம். நான் ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டேன். பூங்கொடிகிட்டக் கூட," என்றான்.

நான் தலையாட்டினேன். பூங்கொடி இரண்டு டம்ளரில் டீயோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மயில் தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி, வீட்டுக்குப் பெரியவன் சொல்கிற குரலில் அவளிடம் சொன்னான்.

"அக்காளுக்கு மொதல்ல குடு. டீத் தண்ணிய எச்சாக் குடுத்தராத. அவங்களுக்கும் கிட்னி செரியில்ல, தெரியுமில்ல?"